முதல் இருநூற்றைம்பது மீட்டர்

பள்ளத்தூரில் கரண்ட் போகாத இரவு.
மொட்டை மாடியில் கருவி பச்சையாய் எரிகிறது.
எரியவில்லை, துடிக்கிறது,
நொடிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு முறை.

"ஒரு துடிப்புக்கு எவ்வளவு போகுது?"
வாடகை வாங்க வந்த சாத்தப்பன் கேட்டார்.
இருபத்தேழு லட்சம் கோடி ஒளித்துகள் என்றேன்.
"திரும்புறது?"
ஐந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ஒன்று.
பல துடிப்புகளுக்கு அதுவும் இல்லை.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:
"பர்மாவுல விட்ட பணமே தேவலாம் போலிருக்கே."

சிரித்துவிட்டேன்.
ஆனால் அந்த ஒன்றுதான் எனக்குச் சம்பளம் தருகிறது.
எப்போது வந்தது என்பது உயரம்.
எத்தனை வந்தது என்பது தூசி.
இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம்,
கணக்கு விட்டால்.

சமன்பாடு ஒன்று. தெரியாதவை இரண்டு:
துகள் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பியது,
வழியில் எவ்வளவைத் தின்றது.
நடுவே ஒரு விகிதத்தை நாமாகப் போட வேண்டும்.
கடல் உப்புக்கு இருபது,
பாலைத் தூசிக்கு நாற்பத்தைந்து,
விறகுப் புகைக்கு எழுபது.
எதுவென்று தெரியாதபோது ஐம்பது.
(என் அறிக்கையில் அந்த ஐம்பதுக்கு
ஒன்றரைப் பக்க நியாயம் இருக்கிறது.)

பிறகு எட்டு கிலோமீட்டருக்கு மேலே எங்கோ
தூசியே இல்லை என்று நம்ப வேண்டும்.
பார்த்துச் சொல்வதில்லை, நம்புவதுதான்.
அந்தச் சுத்தத்தைப் பிடித்துக்கொண்டு
படிப்படியாய் இறங்கி வர வேண்டும் தரைக்கு.
கீழிருந்து ஏறினால் விடை வெடித்துவிடும்.

மாசி மூன்றாம் வாரம், விடியற்காலை மூன்றேகால்.
ஆயிரத்து நூறு மீட்டரில் மெல்லிய படலம் ஒன்று,
திரையில், வெற்றிலையின் முதுகு நரம்பு மாதிரி,
நீண்டது, வளைந்தது, அறுந்தது.
ஐம்பது போட்டேன்.
முந்தைய பகலில் சூரிய ஒளிமானி சொன்ன மொத்தத்தோடு ஒட்டவில்லை.
எழுபது போட்டேன். பாதி ஒட்டியது.
மீதிப் பாதி எங்கே?

வெளிச்சம் வந்ததும் ஸ்கூட்டியில்
காற்று வந்த திசைக்கே போனேன்.
வற்றிய கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வெட்டிய வெளி.
மண் பூசிய ஏழு மூட்டங்கள்.
ஒவ்வொன்றின் விலாவிலிருந்தும் நூல் நூலாய்ப் புகை
எழ மனமில்லாமல், குளிரில் அமுங்கி,
முழங்கால் உயரத்தில் படுத்துக் கிடந்தது.

பனிக்கும் மூட்டம்தான். மேகத்துக்கும் மூட்டம்தான்.
கரிக்கும்.
நான்தான் மூன்றுக்கும் மூன்று எண் வைத்திருக்கிறேன்.

அழகுராக்குவுக்கு என் வயதுதான் இருக்கும்.
வெடித்த இடத்தில் ஈரமண் அப்பிக்கொண்டிருந்தாள்.
"நல்லா எரியுதா?" என்றேன், பேச்சுக்கு.
"எரியக் கூடாது. எரிஞ்சா சாம்பல். வேகணும்."
பிறகு நிமிர்ந்து, சிவந்த கண்ணால்,
"ஃபாரஸ்ட்டா?"
இல்லை, புகை அளக்கிறேன்.
"எங்கேருந்து?"
பள்ளத்தூர் மாடியிலிருந்து.
"அங்கேருந்து இது தெரியுமா?"

தெரியாது.

லேசர் ஒரு குழாய், தொலைநோக்கி ஒரு குழாய்.
பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும்
இரண்டின் பார்வையும் முழுதாய்ச் சேர்வது
இருநூற்றைம்பது மீட்டருக்கு மேலேதான்.
அதற்குக் கீழே
ஏழு மூட்டம், ஒரு செவலை நாய்,
அழகுராக்கு, அவள் கட்டிலில் தூங்கும் பிள்ளை,
சாத்தப்பனின் வீடு, வீட்டு மாடி,
மாடியில் நான், எனக்குள் இரண்டு நுரையீரல்.
அந்த இடத்தில், கடைசியாய்க் கிடைத்த மதிப்பை
அப்படியே தரைவரை நீட்டிவிடுவது வழக்கம்.
நேர்கோடு. பார்க்க லட்சணமாய் இருக்கும்.

அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் தமிழ் வரவில்லை.
"அவ்வளவு தூரம் தெரியாது" என்றேன்.
"அதானே" என்று
அடுத்த வெடிப்புக்கு மண் குழைத்தாள்.

இரவு, வரைபடத்தின் அடியில்
அந்த நேர்கோட்டை அழித்தேன்.
காலியாய் விட்டேன்.
ஓரத்தில் எழுதினேன்: அளக்கப்படவில்லை.
நாளைக்குப் பேராசிரியர் போன் செய்வார்,
டேட்டா விட்டுப்போச்சா என்று.

மேலே பச்சை துடித்துக்கொண்டிருந்தது.
துப்பட்டாவைக் கொடியில் போடுமுன்
ஒருமுறை மோந்து பார்த்தேன்.
எழுபது சரிதான்.